ட்யூனிங் மென்பொருள்: எழுதுவதற்கா, படிப்பதற்கா?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கோயமுத்தூரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. லேப்டாப் திரையை மொபைலில் எடுத்த படம். நீலமும் பச்சையும் சிவப்புமாக ஒரு முப்பரிமாண மேப். அதன் நடுவில், கரையான் புற்று கிளம்பின மாதிரி ஒரு மேடு. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "ஏனுங்ண்ணா, இந்த சாஃப்ட்வேரே சரியில்லைங்கறாங்க. வேற மாத்தலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்னு சொல்லுங்ண்ணா."

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரு பழைய மாருதி எஸ்டீமை வாங்கி, சீட்டு, கார்பெட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்துகொண்டிருக்கிறான். ரோட்டுக்கு வராத வண்டி. ட்ரெய்லரில் போய் ட்ரெய்லரில் திரும்பும். கம்பெனி ஈசியுவைத் தூக்கிவிட்டு ஸ்பீடுயினோ போட்டிருக்கிறான். ஆஸ்திரேலியாக்காரரான ஜோஷ் ஸ்டூவர்ட் ஆர்டுயினோ மெகா போர்டை வைத்துத் தொடங்கிய திறமூல ஈசியு அது. அதோடு பேசுவதற்கு லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டூடியோ. எஞ்சினைப் பிரித்துக் கட்டின வகையில் சித்தப்பாவிடம் வாங்கின கைமாத்தே இன்னும் அடையவில்லை.

"வேற சாஃப்ட்வேர்" என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். இந்த உலகத்தில் மென்பொருளை மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு குறிப்பிட்ட ஈசியு குடும்பத்தோடு கட்டிப்போடப்பட்டது. ஹால்டெக், லிங்க் மாதிரி வேறொன்றுக்குப் போவதென்றால் பெட்டி, வயரிங், சென்சார் எல்லாமே புதிது. இறக்குமதி வரியோடு சேர்த்தால் சுலபமாக லட்சத்தைத் தொடும். அதனால்தான் பதில் சொல்வதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து, எனக்குக் கொஞ்சமாவது பழக்கமுள்ள நாலைந்து ட்யூனிங் மென்பொருள்களையும் திரும்ப ஒருமுறை திறந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்துக் குறிப்புகள்தான்.

முதலில் ஒரு குறை. ட்யூனிங் மென்பொருளை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள், வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் எதை எண்ணுகிறார்கள்? எத்தனை டேபிள் திருத்தலாம், லாஞ்ச் கன்ட்ரோல் உண்டா, ஆட்டோட்யூன் உண்டா, எத்தனை கார் மாடலுக்கு ஆதரவு. அதாவது, இதை வைத்து என்னென்ன *எழுத* முடியும் என்ற கணக்கு. ஆனால் ட்யூனிங் என்ற வேலையில் எழுதுவது பத்து நிமிஷம். மிச்சமெல்லாம் படிப்பது. எஞ்சின் என்ன செய்தது, ஈசியு என்ன நினைத்தது, இரண்டும் எங்கே பிரிந்தன என்று பார்ப்பது. பேனாவின் நிப்பை வைத்து நூலகத்தை மதிப்பிடுவது போலத்தான் இந்த ஒப்பீடுகள் எனக்குப் படுகின்றன.

அந்தப் புற்றுக்கு வருகிறேன். அது வீஈ டேபிள். ஒரு சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதம் காற்றை உண்மையிலேயே உள்ளே இழுக்கிறது என்பதை, எஞ்சின் வேகம் ஒரு பக்கம், இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் ஒரு பக்கம் என்று 16-க்கு 16 கட்டங்களில் எழுதி வைத்திருப்பார்கள். ஈசியு அந்த 256 எண்களில் பக்கத்தில் இருப்பதை எடுத்து, இடைக்கணக்குப் போட்டு, இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறக்கலாம் என்று முடிவு செய்கிறது. எண் கூடினால் பெட்ரோல் கூடும். காற்று திடீரென்று தாவாது. அதனால் நல்ல வீஈ டேபிள் கொங்கு நாட்டுக் கரடு மாதிரி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நடுக்காட்டில் ஒற்றைப் புற்று நிற்காது.

தம்பியின் டேபிளில் 2500 ஆர்பிஎம், 45 கிலோபாஸ்கல் பக்கம் சுற்றிலும் 46, 47, 48. நடுவில் மட்டும் 61. யார் எழுதினது? ட்யூனர்ஸ்டூடியோவேதான். பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்குக் கிடைக்கும் 'வீஈ அனலைஸ் லைவ்' என்ற வசதி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சைலன்சர் குழாயில் இருக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பார்த்து, லீன் என்றால் அந்தக் கட்டத்தைக் கூட்டும், ரிச் என்றால் குறைக்கும். பட்டறை வளாகத்திலும், ட்ராக்கில் மெதுவாகச் சூடேற்றும் சுற்றுகளிலும் அதை இரண்டு நாள் ஓடவிட்டிருக்கிறான். பாவம், அவன் பணம் கட்டினதே அந்த ஒரு வசதிக்காகத்தான்.

நான் கேட்டது ஒன்றுதான்: "லாக் எடுத்து வெச்சிருக்கியா தம்பி?"

"லாக்கா? அது தானாவே பண்ணிருதுங்ளே, லாக் எதுக்குங்ண்ணா?"

இந்த ஒரு பதிலில் மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. நல்லவேளை, பழக்கத்தில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு மறந்திருந்தான். ஃபைலை அனுப்பினான். திறந்து பார்த்தால், அந்தக் கட்டத்துக்குள் வண்டி நிற்கும் போதெல்லாம் ஆர்பிஎம் கோடு சின்னச் சின்னதாகப் பல்லைக் காட்டுகிறது. அதே நேரம் லாம்டா 1.2-க்கு மேலே தாவுகிறது. மற்ற இடங்களில் கோடு வழவழ. பட்டறை பாஷையில் சொன்னால் மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் சில சமயம் எரியவில்லை.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சியிருக்கிற ஆக்ஸிஜனைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அதன் காற்று முழுசும் அப்படியே சைலன்சருக்குப் போகிறது. எரியாத பெட்ரோலும் கூடவே போகிறது; ஆனால் சென்சார் கண்ணுக்கு ஆக்ஸிஜன்தான் பெரிசாகத் தெரியும். "லீன்" என்று சொல்லும். மென்பொருள் பெட்ரோலைக் கூட்டும். ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த மற்ற மூன்று சிலிண்டரும் ரிச் ஆகும். எரியாதது எரியாமலேயே இருக்கும். சென்சார் திரும்ப "லீன்". திரும்பக் கூட்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், சென்சாருக்கு முன்னால், ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டாலும் இதே கதைதான்.

ப்ளக்குகளைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னேன். மூன்று கரி. ஒன்று ஈரம். அந்த ஈர ப்ளக்குக்குப் போகிற வயரின் ரப்பர் பூட்டில் தலைமயிர் கனத்துக்கு ஒரு வெடிப்பு. ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்தவன், பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்றான். புதிதாகக் கட்டின எஞ்சினில் சிலிண்டர் சுவரின் ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் ரெண்டு நாள் "தானாவே" ஓடியிருந்தால் ரிங்குகள் என்ன கதியாகியிருக்கும் என்று அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்துவிட்டது, கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

அப்படியானால் ட்யூனர்ஸ்டூடியோ மோசமா? அதன் புகழ் பெற்ற வசதியை நான் குறை சொல்கிறேன், மென்பொருளை இல்லை. ஆட்டோட்யூனுக்குள்ளேயே தற்காப்புகள் உண்டு: எஞ்சின் சூடாகும் வரை எண்ணாதே, ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற நேரத்துத் தரவை எடுக்காதே, ஒரு கட்டம் எவ்வளவு எளிதாக மாறலாம், அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகலாம் என்று வரம்பு வைக்கலாம். தம்பி எல்லாவற்றையும் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தான். ஆனால் என் குற்றச்சாட்டு வேறு. திரையில் கட்டங்கள் நிறம் மாறி மாறி "தரவு சேர்ந்துவிட்டது, நம்பலாம்" என்கிற தோரணையைக் கொடுக்கின்றன. தவறான சாட்சி நூறு முறை சொன்னாலும் தவறுதான். எத்தனை முறை சொன்னான் என்பதைத்தான் அந்த நிறம் காட்டுகிறது.

அதே மென்பொருளின் விளம்பரமே இல்லாத மூலைகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. மாற்றங்கள் முதலில் ஈசியுவின் தற்காலிக நினைவுக்குத்தான் போகும். 'பர்ன்' செய்தால்தான் நிலையாகும். சொதப்பினால் சாவியை அணைத்துப் போட்டால் போதும். மீட்புப் புள்ளிகளைத் தானே சேமித்து வைக்கிறது. தம்பி இரண்டு நாள் முந்தைய டேபிளுக்குத் திரும்பியது அப்படித்தான். ட்யூன் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். எந்த டேபிளுக்கு என்ன பெயர் என்று சொல்லும் வரையறைக் கோப்பு ஃபர்ம்வேரோடேயே வருகிறது. ஃபர்ம்வேரை எழுதினவர்களே எழுதினது. திரையில் ஒரு பெயர் இருந்தால், அது உண்மையிலேயே அதுதான்.

இந்தக் கடைசி வாக்கியம் அற்பமாகத் தெரியலாம். இல்லை. கம்பெனி ஈசியுவைத் திறந்து திருத்துகிற மென்பொருள்களுக்குப் போனால்தான் அதன் அருமை புரியும். அங்கே கம்பெனி யாருக்கும் பெயர்ப் பட்டியலைக் கொடுப்பதில்லை. உள்ளே இருப்பது வெறும் எண்கள். யாரோ ஒருவர் அதை உடைத்துப் படித்து, "இது இக்னிஷன் டேபிள், இது பூஸ்ட் டேபிள்" என்று பெயர் வைத்திருக்கிறார். நீங்கள் திரையில் பார்ப்பது அவருடைய உரை. மூலம் அல்ல.

ஜெர்மன்காரர்களின் வின்ஓஎல்எஸ் இதில் ரொம்ப நேர்மையானது, அதனாலேயே ரொம்பக் கொடூரமானது. ஃபைலை எண்களாகவும் மலைமுகடுகளாகவும் காட்டிவிட்டு, "எது என்னவென்று நீயே பார்த்துக்கொள்" என்று விட்டுவிடும். வடிவத்தை வைத்தே மேப்பைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கைரேகை பார்ப்பது மாதிரி. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் எச்பி ட்யூனர்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு வண்டிகளுக்கு அமெரிக்காவில் மிகவும் புழங்குவது. வண்டிக்கு இத்தனை கிரெடிட் என்று காசு. ஸ்கேனர் பகுதி அருமை: லாக்கை வீஈ டேபிளின் கட்டங்களிலேயே சராசரியாக நிரப்பிக் காட்டும். ஆனால் அவர்களுடைய வரையறைகள் மூடின பெட்டிக்குள். ஒரு உதாரணம். ஜிஎம்மின் நான்காம் தலைமுறை வி8 எஞ்சின்களின் ஈசியுவில் வீஈ டேபிள் என்று கட்டம் கட்டமாக எதுவும் கிடையாது. மண்டலம் மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சமன்பாட்டின் கெழுக்கள்தான் உள்ளே இருக்கின்றன. எச்பி ட்யூனர்ஸ் அதிலிருந்து ஒரு 'விர்ச்சுவல்' டேபிளை வரைந்து காட்டும். நீங்கள் ஒரு கட்டத்தைத் திருத்தினால், திரும்பக் கெழுக்களைக் கணக்கிட்டு எழுதும். நீங்கள் போட்ட அந்த எண் அப்படியே உள்ளே போவதில்லை. சமன்பாட்டுக்கு எவ்வளவு வளைய முடியுமோ அவ்வளவுதான் போகும், பக்கத்துக் கட்டங்களையும் இழுத்துக்கொண்டு. புத்திசாலித்தனமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் கண் முன்னால் இருக்கிற டேபிள் ஈசியுவில் இல்லவே இல்லை என்று தெரியாமல் அதில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் திருத்துகிறவரை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

பெயர் என்பது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. 2015-ல் வெளிவந்த டீசல் மோசடி எல்லோருக்கும் தெரியும். பரிசோதனையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் அந்தத் தந்திரம், பாஷ் ஈசியுவின் ஆவணங்களில் என்ன பெயரில் இருந்தது தெரியுமா? 'அக்கூஸ்டிக்' செயல்பாடு. எஞ்சின் சத்தம் சம்பந்தப்பட்டது என்கிற தோற்றம். ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மன் நிபுணர் ஒரு ஈசியுவின் நிரலைப் பிரித்துப் படித்து, அந்த 2015 டிசம்பரிலேயே ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் மாநாட்டில் விளக்கிக் காட்டினார். பெயரை நம்பாமல், நேரம் ஆக ஆக வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கோட்டைப் பரிசோதனையின் கோட்டோடு எது ஒப்பிடுகிறது என்று பார்த்தார். கம்பெனியே வைத்த பெயருக்கே இந்தக் கதி என்றால், உடைத்துப் பார்த்தவர் வைத்த பெயரை எவ்வளவு நம்பலாம்?

இந்த விஷயத்தில் என் மனசுக்குப் பிடித்தது ரோம்ரெய்டர். சுபாரு ஆட்கள் வளர்த்தது, இலவசம், திறமூலம். ஃபைலை ஈசியுவுக்கு ஏற்ற இன்னொன்று வேண்டும், ஈசியுஃப்ளாஷ் மாதிரி. முகப்பு அசிங்கம்தான், பழைய ஜாவா ஜன்னல்கள். ஆனால் வரையறைகள் எல்லோரும் படிக்கக்கூடிய கோப்புகளில் இருக்கின்றன. சில டேபிள்களின் பெயரைப் பார்த்தால் கடைசியில் வெறும் ஏ, பி, சி என்று எழுத்து ஒட்டியிருக்கும். அதாவது, "இது இக்னிஷனைத் திருத்துகிறது, எப்போது எதைப் பயன்படுத்துகிறது என்பதற்கு மேல் பெயர் வைக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை." இந்த அடக்கம் எனக்குப் போதும். அதன் லாகரில் ஈசியுவின் சொந்த அபிப்பிராயங்களையும் பார்க்கலாம்: எந்த இடத்தில் நாக்கிங் கேட்டு டைமிங்கைக் குறைத்துக்கொண்டது, ஐஏஎம் என்கிற பெருக்கல் எண் முழு மதிப்பில் இருக்கிறதா இறங்கிவிட்டதா என்று. பெட்ரோல் மட்டமா, ட்யூன் பேராசையா என்பதற்கு அந்த ஒரு எண் பாதி பதில்.

வேகம் என்று ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 முறை எரிகிறது. உங்கள் லாக் நொடிக்கு 10 வரி என்றால், இரண்டு வரிகளுக்கு நடுவே 20 வெடிப்பு காணாமல் போகிறது. பழைய சுபாருக்களின் சீரியல் வேகம் 4800 பாட்; பார்க்கிற அளவுகளைக் கூட்டக் கூட்ட லாக் மந்தமாகும். அந்த வண்டியில் நாற்பது விஷயத்தை டிக் செய்துவிட்டு "ஒண்ணும் தெரியல" என்று சொல்லக் கூடாது. நாலே நாலை மட்டும் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஏர் ஃப்யூயல் விகிதமா லாம்டாவா? 14.7 என்பது கலப்பில்லாத பெட்ரோலின் எண். இப்போது நம் பங்குகளில் வரும் 20 சதம் எத்தனால் கலவைக்கு அது 13.5 பக்கம் இறங்கிவிடும். சென்சார் பார்ப்பது லாம்டாவைத்தான். மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டி உங்களைக் குழப்பும். திரையை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், எந்த மென்பொருளாக இருந்தாலும்.

பூட்டு விஷயமும் சொல்ல வேண்டும். தம்பியின் முந்தைய வண்டி ஒரு டர்போ ஹேட்ச்பேக். ஒரு கடையில் காசு கொடுத்து ட்யூன் செய்தான். ஃபைல் பூட்டப்பட்டது, நகல் கிடையாது. பிறகு கடையே இல்லை. வண்டி குளிரில் ஸ்டார்ட் ஆக மறுத்தபோது, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று யாராலும் பார்க்க முடியவில்லை. கடைசியில் கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றினதுதான் வைத்தியம். ட்யூனர்கள் தங்கள் உழைப்பைப் பாதுகாக்கிறார்கள் என்பது நியாயம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டின ஃபைலை வாங்குகிறவர் மருந்துச் சீட்டில்லாமல் மருந்து வாங்குகிறவர். மென்பொருள் கம்பெனியே பிடியை மாற்றுவதும் உண்டு. காப் நிறுவனம் 2022-ல் அமெரிக்க மாசு விதிகளுக்கு இசைவாக ஆக்ஸஸ்போர்ட்டின் மென்பொருளைப் புதுப்பித்தபோது, புகைக் கட்டுப்பாட்டோடு சம்பந்தப்பட்ட சில திருத்தங்கள் போய்விட்டன. அந்த விதிகளின் பக்கம்தான் எனக்குச் சாய்வு. இருந்தாலும், நீங்கள் வாங்கினது ஒரு பொருளா, அனுமதியா என்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்திருக்கும். நம் ஊரில் ரோட்டில் ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது, வாரண்டி இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே ட்ரெய்லர் வண்டி என்று சொன்னேன்.

தம்பிக்கு நான் சொன்னது: ஒன்றும் வாங்காதே. ப்ளக் வயர் செட் வாங்கு, ஆயிலை மாற்று, ஆட்டோட்யூனை அணை. லாக் எடு, வீட்டுக்கு வந்து மெகாலாக்வியூவரில் பார், கையால் திருத்து, புற்று எங்கேயாவது கிளம்பினால் டேபிளைத் தொடாமல் முதலில் ப்ளக்கைக் கழற்று. ஆட்டோட்யூன் வேண்டவே வேண்டாம் என்றில்லை. லாக்கைப் படிக்கத் தெரிந்த பிறகு வரம்புகளைச் சுருக்கிவைத்து ஓட்டலாம்.

"அப்ப இத்தன நாளு காசு கட்டினது தண்டமுங்ளா?" என்றான். தண்டம் இல்லை, வேறு வேலைக்குக் கட்டியிருக்கிறாய் என்றேன். அவ்வளவாகத் திருப்தியில்லை அவனுக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை ட்ராக்குக்குப் போய்விட்டு ஃபைல் அனுப்பியிருந்தான். 2500 பக்கம் கோடு இப்போது வழவழப்பு, டேபிளில் 47. ஆனால் 5500-க்கு மேலே முழு த்ராட்டிலில் லாம்டா 0.87-லிருந்து மெல்ல 0.93-க்கு ஏறிக்கொண்டே போகிறது, கூடவே இன்ஜெக்டர் வேலை நேரம் 90 சதத்தைத் தாண்டுகிறது. அங்கே டேபிளில் எண்ணைக் கூட்டினால் தீருமா, பம்பு அழுத்தம் விழுகிறதா, இன்ஜெக்டரே சின்னதா? ஃப்யூயல் பிரஷர் சென்சார் ஒன்று மாட்டி, அதை லாக்கில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அது வரும் வரைக்கும் 5500-ஐத் தாண்ட வேண்டாம் என்றும்.